ஆர்மோனியம் 1, பழுது

1998 ஜூன் மாதம் நான் வேலையில் சேர்ந்த அன்று, தலைமையாசிரியை என்னிடம் ஒரு சாக்பீஸ் டப்பா, மூன்று வகுப்புகள், ஒரு பாட்டு ஆகியவற்றை ஒப்படைத்தார்.

மூன்று வகுப்பு என்றதும் மூன்று அறை என்று நினைத்துவிடக் கூடாது. அது ஈராசிரியர் பள்ளி. அரசலாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் கரையில் நீளமாக ஓர் ஓட்டுக் கட்டடம். கிழக்குப் பாதியில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் அவரிடம். மேற்குப் பாதியில் மூன்று, நான்கு, ஐந்து என்னிடம். நடுவில் சுவர் கிடையாது. ஓர் இரும்பு பீரோதான் எல்லை. பாட்டு என்றது காலை வணக்கக் கூட்டத்தில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தை. அதை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு இனி என்னுடையது.

“எனக்குப் பாட வராதுங்க டீச்சர்.”

“எனக்கும்தான் வராது. இருபத்தொரு வருஷமா நான் பாடலையா?”

அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இன்று வரை இல்லை.

என் குரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். என் கல்யாணத்தில் நலங்கின்போது மாப்பிள்ளையும் இரண்டு வரி பாடியே ஆக வேண்டும் என்று பெண் வீட்டார் பிடிவாதம் பிடித்தார்கள். பாடினேன். அதன் பிறகு அந்த வீட்டுக்கு வந்த இரண்டு மாப்பிள்ளைகளையும் யாரும் பாடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஒன்பது இருபதுக்கு முப்பத்தொரு பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் வரிசையாக நின்றார்கள். நான் எடுத்தேன். என் அடிவயிற்றில் எங்கோ கிடந்த ஒரு ஸ்வரத்தைப் பிடித்து இழுத்து வெளியே விட்டேன். பிள்ளைகள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பிறகு கடமை தவறாமல் ஆளுக்கொரு பக்கம் புறப்பட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பையன்கள் என்னைப் போலவே கீழே இறங்கப் பார்த்து, பாதிக் கிணற்றில் நின்றார்கள். பெண் பிள்ளைகள் நேரே ஓட்டுக் கூரைக்கு ஏறிவிட்டார்கள். ஒன்றாம் வகுப்பு, எங்கே போவது என்று தெரியாமல், ஒரே ஸ்வரத்தில் பாட்டு முழுவதையும் ஒப்பித்து முடித்து, மற்றவர்கள் வரும் வரை காத்திருந்தது.

பள்ளியில் அதன் பெயர் இறைவணக்கம். அன்று இறைவனுக்கும் எங்களுக்கும் நடுவே பெரிதாகத் தொடர்பு ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

தொடக்கப் பள்ளிக்குப் பாட்டு வாத்தியார் கிடையாதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. 2012இல் அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் நியமித்தது. ஓவியம், உடற்கல்வி, தையல், பாட்டு எல்லாவற்றுக்கும் ஆள் வந்தது. ஆனால் வந்தவர்கள் ஆறாம் வகுப்பு வாசலில் இறங்கிக்கொண்டார்கள். மாவட்ட அரசு இசைப் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. நாகஸ்வரம், தவில், தேவாரம் எல்லாம் அருமையாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதில் சேரப் பன்னிரண்டு வயது ஆக வேண்டும். ஜவகர் சிறுவர் மன்றத்தில் ஐந்து வயதிலேயே சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் சாயங்காலம் அங்கே போய்விட்டுத் திரும்பி வர எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. ஆகவே ஐந்து வயது முதல் பத்து வயது வரை, தொண்டை வெண்ணெய் மாதிரி இருக்கும் காலத்தில், இந்தப் பிள்ளைகளுக்கும் சங்கீதத்துக்கும் நடுவே நிற்கும் ஒரே மனிதன் நான்தான். குறுக்கே நிற்கிறேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

இருந்தாலும் பாட்டே இல்லாத பள்ளி என்று எங்களை யாரும் சொல்லிவிட முடியாது. கால அட்டவணையில் இசை என்று ஒரு பாடவேளை இல்லையே தவிர, காலை முதல் மாலை மணி அடிக்கும் வரை அங்கே பாட்டு நின்றதே இல்லை.

யாராவது உள்ளே நுழைந்தால் பிள்ளைகள் எழுந்து நின்று ‘வணக்கம் ஐயா’ சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது சொல்வதில்லை, பாடுவது. ‘வ’வில் கிளம்பி, ‘ண’வில் ஏறி, ‘க்கம்’மில் சறுக்கி, ‘ஐயா’வில் ஊஞ்சல் போல இரண்டு ஆட்டம் ஆடி நிற்கும். இந்த மெட்டை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து மாறுதலில் வந்த ஆசிரியை ஒருவர், அங்கேயும் அட்சரம் பிசகாமல் இதே மெட்டுதான் என்றார். போட்டவர் யாரோ, ராயல்டி கேட்டு வராத வரை நல்லது.

வாய்ப்பாடு அடுத்தது. ‘ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு’ என்று மேற்குப் பாதியில் நாலாம் வகுப்பு ஒரு தாளத்தில் ஆடிக்கொண்டே போகும். அதே நேரத்தில் கிழக்குப் பாதியில் இரண்டாம் வகுப்பு நிலாவைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். பீரோவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பாட்டு, இரண்டு வேகம். சில இடங்களில் இரண்டும் மோதி, என்னவோ ஓர் அழகு வந்துவிடும். மேல்நாட்டு இசையில் இதற்குக் கவுண்டர்பாயிண்ட் என்று பேராம், வருஷக்கணக்காகப் படிப்பார்களாம். எங்கள் பள்ளியில் இதற்கு இரண்டாம் பாடவேளை என்று பேர்.

பாட்டோடு படித்த கணக்கில் ஒரு சங்கடம் உண்டு. எவனாவது ஒருவனை நிறுத்தி, “ஏழெட்டு எவ்வளவுடா?” என்றால் உடனே சொல்ல மாட்டான். கண்ணை மூடுவான். உதடு அசையும். ஓரேழில் பஸ் ஏறி, மூவேழு, நாலேழு என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று, எட்டேழில் இறங்கி, “அம்பத்தாறு சார்” என்பான். நடுவில் யாராவது தும்மினால் போச்சு, மறுபடியும் ஓரேழு.

இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. பாட்டாக இருந்தால் எதுவும் மனத்தில் நிற்கிறது. அப்படியானால் தமிழ்ச் செய்யுளையும் மெட்டில் போட்டால் என்ன? நாலாம் வகுப்புக்கு ஒரு மனப்பாடப் பகுதி இருந்தது, எட்டு வரி. இரண்டு வாரமாக உருட்டியும் ஏறவில்லை. அந்த வருஷம் டவுன் பஸ் எல்லாம் அலறிக்கொண்டிருந்த ஒரு சினிமாப் பாட்டின் மெட்டை எடுத்து அதன் மேல் செய்யுளை ஏற்றினேன். மெட்டு என்ன, ஆணியடித்த மாதிரி உட்கார்ந்தது. ஒரே பாடவேளையில் பதினொரு பேரும் மனப்பாடம். அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போன நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

காலாண்டுத் தேர்வில் ‘அடி மாறாமல் எழுதுக’ என்று அந்தச் செய்யுளைக் கேட்டிருந்தோம். பதினொரு பேரில் ஐந்து பேர் முதல் இரண்டு வரியைக் கவிஞர் எழுதியபடியே எழுதியிருந்தார்கள். மூன்றாவது வரியிலிருந்து கதாநாயகன் நுழைந்துவிட்டான். கதாநாயகியின் கண், இடை, பஸ் நிறுத்தம் என்று சினிமாப் பாட்டு அப்படியே வந்திருந்தது. அடி மாறவில்லை, அதையும் சொல்ல வேண்டும். விடைத்தாள்களைத் தலைமையாசிரியையிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“எழுத்துப் பிழை இல்லாம எழுதியிருக்கான். இந்தப் பய ‘கண்’ணுக்கு மூணு சுழி போட்டு இன்னைக்குத்தான் பாக்கறேன். ரெண்டு மார்க் போடுங்க.”

அடுத்த கேள்வி, ‘இப்பாடலின் ஆசிரியர் யார்?’ மூன்று பேர் என் பெயரை எழுதியிருந்தார்கள்.

பீரோ என்றேனே, அதன் மேல் ஓர் ஆர்மோனியப் பெட்டி இருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் ஏதோ ஒரு சுதந்திர தினத்தில் வாங்கிக் கொடுத்தது. நான் வருவதற்கு முன்பே அதன் துருத்தியில் எலி குடும்பம் நடத்தி, தோலைத் தின்று, பிள்ளை பெற்று, அடுத்த தலைமுறை வேறு ஊருக்குப் போயிருந்தது. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடை செய்து முப்பது வருஷத்துக்கு மேல் உள்ளே விடாமல் வைத்திருந்தது. ராகத்தின் நெளிவு சுளிவு அந்தக் கட்டைகளில் வராது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. எங்கள் பள்ளியில் தடை செய்தது எலி. காரணம் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் இருப்புப் பதிவேட்டில் அது உயிரோடு இருந்தது. ‘ஆர்மோனியம் 1, பழுது.’ ஒவ்வொரு வருஷமும் அந்த வரியை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுவோம். பதிவேட்டிலிருந்து நீக்கிவிடலாமே என்று ஒருமுறை கேட்டேன். தலைமையாசிரியை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நீக்கணும்னா மேல எழுதணும். எழுதினா எந்த வருஷம் வந்துச்சு, என்ன விலை, எலி தின்னப்போ நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்கன்னு கேப்பாங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்.” அவர் ஓய்வு பெற்றபோது பீரோ சாவியோடு அந்த வரியும் என் கைக்கு வந்தது. பதவி உயர்வுக் கலந்தாய்வில் இதே பள்ளியைக் கேட்டு வாங்கினேன். போட்டிக்கு யாரும் வரவில்லை.

தலைமையாசிரியர் ஆனதும் எனக்கு ஒரு லட்சியம் பிறந்தது. பாட்டு நன்றாக இல்லாவிட்டால் போகிறது, பொருளாவது தெரிந்து பாடட்டும். தமிழ்த்தாய் வாழ்த்து, சுந்தரனார் 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம் நாடகத்தின் முகப்பில் வருவது. நிலத்தை ஒரு பெண்ணின் முகமாக வைத்துச் சொல்லும் பாட்டு. அதில் ‘நுதல்’ என்று ஒரு சொல் வருகிறது. எங்கள் பிள்ளைகள் அதைப் பல விதமாகப் பாடிவந்தார்கள். சிலருக்கு அது முதல். சிலருக்கு நூல். இரண்டாம் வகுப்பில் இரண்டு பேருக்கு முதலை. வாய்க்கால் பக்கத்து ஊர் என்பதால் அவர்களுக்கு அதில் எந்த ஆச்சரியமும் இல்லை.

“நுதல்னா நெத்தி,” என்று சொல்லிக் கொடுத்தேன். மறக்காமல் இருக்க, அந்த இடம் வரும்போது நெற்றியைத் தொடுங்கள் என்றேன். தொட்டார்கள். ஒரு வாரத்தில் தொடுவது தட்டுவதாயிற்று. இன்னொரு வாரத்தில் தாளத்தோடு பட்டென்று சத்தம் வர ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து ஓர் அதிகாரி பார்வைக்கு வந்தார். வேப்ப மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு பயபக்தியோடு நின்றார். பாட்டு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, எங்கள் கணக்குக்கு. அந்தச் சொல் வந்தது. இருபத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “என்ன சார் இது? பாட்டு நடுவுல எல்லாப் பிள்ளையும் தலையில அடிச்சுக்குது?”

“பொருள் உணர்ந்து பாடறாங்க சார்.”

“என்ன பொருளை உணர்ந்தாங்க?”

விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இன்னும் கவலைக்கிடமாகியது. பார்வைப் பதிவேட்டில், காலை வணக்கக் கூட்டத்தில் ஒழுங்கு தேவை என்று எழுதிவிட்டுப் போனார். அந்தப் பழக்கத்தை நிறுத்த ஒரு பருவம் முழுவதும் பிடித்தது. நிறுத்தினேன் என்றா சொன்னேன்? அந்த வகுப்புப் பையன் ஒருவன் இப்போது கும்பகோணத்தில் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறான். போன வருஷம் ஒரு விழாவில் பக்கத்தில் நின்றான். தமிழ்த்தாய் வாழ்த்து பாடினார்கள். அந்தச் சொல் வந்ததும் அவனுடைய வலது கை தானாகப் பாதி தூரம் எழும்பி, வெட்கப்பட்டு, சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு இறங்கியது.

கொரோனா வந்து பள்ளிகள் மூடின. 2021 நவம்பர் முதல் தேதி மறுபடி திறந்தபோது, பிள்ளைகள் முகக்கவசத்துக்குள் பாடினார்கள். அந்தச் சில வாரங்கள் எங்கள் பாட்டு மிக நன்றாக இருந்தது. பாதி வெளியே வரவில்லை. டிசம்பரில் அரசாணை வந்தது: தமிழ்த்தாய் வாழ்த்து இனி மாநிலப் பாடல், ஒலித்தட்டில் ஓடவிடாமல் வாயால் பாட வேண்டும், முல்லைப்பாணி என்னும் மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 விநாடியில்.

எம்.எஸ். விஸ்வநாதன் போட்ட மெட்டு அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். எங்கள் மெட்டு பொருந்துமா என்று பார்க்க வேண்டாமா? செல்போனில் ஸ்டாப்வாட்ச்சை வைத்து அளந்தேன். ஒரு நிமிஷம் பதினாலு விநாடி. எங்கே நேரம் போகிறது என்று மறுநாள் கூர்ந்து கவனித்தேன். கடைசிச் சொல்லை மூன்று முறை பாடும் இடத்தில் ஐந்தாம் வகுப்பு வண்டியை நிறுத்திவிட்டு டீ சாப்பிடுகிறது. சாயங்காலம் நாட்டுப்பண்ணையும் அளந்தேன். அதற்கு 52 விநாடி. எங்கள் பிள்ளைகளுக்கு முப்பத்தெட்டு; தோளில் பை ஏறியாகிவிட்டது, வாசலில் ஐஸ் வண்டி மணியடிக்கிறது. காலையும் மாலையும் கூட்டிச் சராசரி போட்டால் 56 வருகிறது. அரசாணைக்கு ஒரு விநாடிதான் அதிகம். ஆனால் சராசரி போட்டுக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் வித்வான் தலையிட்டார்.

பள்ளிக்கு எதிரே டீக்கடை. அதன் பெஞ்சில் தினமும் காலை ஒரு நாகஸ்வர வித்வான் உட்கார்ந்திருப்பார். எந்தக் கோயில் கொடியேற்றம் என்றாலும் ஒரு காலத்தில் அவர்தான். முன்பல் இரண்டும் போய்விட, சீவாளி பிடிக்க முடியாமல் வாசிப்பை நிறுத்தியவர். அவருடைய பேத்தி எங்களிடம் இரண்டாம் வகுப்பு. இத்தனை வருஷமாக எங்கள் பாட்டை அந்தப் பெஞ்சிலிருந்து சகித்துக்கொண்டிருந்த மனிதர், ஒருநாள் தெருவைத் தாண்டி வந்தார்.

“கோவிச்சுக்காதீங்க சார். மோகனம் அஞ்சு ஸ்வரந்தான். மவும் கிடையாது, நியும் கிடையாது. தப்புப் பண்ண ரெண்டு எடம் கம்மி. அதையும் மீறிப் பண்றீங்க. அது எப்படின்னு பாத்தேன்.”

“எப்படி?”

“நீங்க எடுக்கறது ஒரு கட்டை. அதுக்கும் கொஞ்சம் கீழ. புள்ளைங்களுக்குத் தொண்டை இருக்கறது அஞ்சு, அஞ்சரைக் கட்டையில. நடுவுல அதுங்க எங்க நிக்கும்?”

என் குரல் கட்டை என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை கட்டை என்று எண்ணிச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அவர் மேலும் சொன்னார். ராஜரத்தினம் பிள்ளை காலத்துக்கு முன்னால் எல்லாரும் வாசித்தது திமிரி. குட்டையான குழல், உச்ச சுருதி. அவர்தான் குழலை நீளமாக்கி, சுருதியைக் கீழே இறக்கி, பாரி நாகஸ்வரத்தைக் கொண்டுவந்தார். “நாகஸ்வரத்த நீட்டலாம் சார். நரசிங்கம்பேட்டையில ஆச்சா மரத்த வச்சுக்கிட்டு ஆசாரி உக்காந்திருக்காரு. இந்தப் புள்ளைங்க தொண்டைய நீட்ட எந்த ஆசாரிகிட்ட போவீங்க?”

ஆகவே முடிவு செய்தோம். எடுத்துக் கொடுப்பது இனி பேத்தி. எனக்கு ஒத்து.

ஒத்து என்றால் நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊதிக்கொண்டு நிற்கும் குழல். அதைப் பிடிப்பவருக்கு வேறு வேலை இல்லை. மேளம் எங்கே போனாலும், வித்வான் எந்த ராகத்தில் மேய்ந்தாலும், இவர் பாட்டுக்கு அந்த ஒன்றையே ஊத வேண்டும். இருபத்துமூன்று வருஷ சர்வீஸில் எத்தனை அதிகாரிகளுக்கு ஒத்து ஊதியிருப்பேன்! இது முடியாதா என்று நினைத்தேன். முடியவில்லை. பேத்தி மேலே போனால் என் ஸ்வரமும் பின்னாலேயே கன்றுக்குட்டி மாதிரி கிளம்பிவிட்டது. அவள் இறங்கும்போது திரும்பி வராமல் அங்கேயே நின்றது. மூன்றாம் நாள் வித்வான் பெஞ்சிலிருந்தே கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார்.

“ஒரு ஆர்மோனியம் இருந்தா தேவலை,” என்றார்.

“இருக்குங்க,” என்றேன். “பழுது.”

பீரோ மேலிருந்து இறக்கினோம். தூசி தட்டியதில் இரண்டு வகுப்புகளுக்குத் தும்மல். துருத்தியின் ஓட்டைகளைப் பார்த்துவிட்டு, வித்வான் முக்குக் கடையில் சைக்கிள் பஞ்சர் ஒட்டும் பையனைக் கூட்டிவரச் சொன்னார். அவன் டியூபை வட்ட வட்டமாக வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி ஊதிக் காயவைத்து, பதினொரு பஞ்சர் ஒட்டினான். பஞ்சருக்குப் பத்து ரூபாய் கணக்கில் நூற்றுப்பத்து. வாளித் தண்ணீர் கொண்டுவந்து முக்கிப் பார்க்கிறேன் என்றதை மட்டும் தடுத்துவிட்டோம்.

துருத்தியை அழுத்தினால், யாரும் எந்தக் கட்டையையும் தொடாமலேயே, பெட்டி ‘ஙொய்ய்ய்’ என்று ஒரு ஸ்வரத்தில் முனக ஆரம்பித்தது. வித்வான் மற்றக் கட்டைகளை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. முனகிய ஸ்வரம் மட்டும் நிற்கவில்லை. உள்ளே ஏதோ ஒரு கட்டை அமுங்கியபடி துருப்பிடித்து இறுகியிருந்தது. காதைச் சாய்த்துக் கேட்டார்.

“அஞ்சரை,” என்றார். சிரித்தார், அந்த இரண்டு பல் இல்லாத இடம் தெரிய. “புள்ளைங்க கட்டை சார். தொடாதீங்க, அப்படியே இருக்கட்டும்.”

2022 ஜூனிலிருந்து அதுதான் எங்கள் சுருதி. ஐந்தாம் வகுப்பில் என்னைப் போலவே பாட வராத ஒருவனுக்குத் துருத்தி அழுத்தும் வேலை. அந்த வேலைக்கு இருக்கும் போட்டியில் நன்றாகப் பாடும் பையன்களும் வேண்டுமென்றே தப்பாகப் பாடிக் காட்டியிருக்கிறார்கள். பேத்தி கண்ணை மூடி ஒரு நொடி ‘ம்ம்’ என்று அந்த ஸ்வரத்தை மூக்குக்குள் வாங்கிக்கொண்டு எடுப்பாள். மற்றவர்கள் அவள் பின்னால். ஒரு மாதத்தில் பாட்டு ஓட்டுக் கூரையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் நடுவுக்கு வந்தது. அறுபத்தொரு விநாடி.

2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. அதற்கு முன்னால் கூட்டத்தில் நாலைந்து பிள்ளைகள் வெறும் வயிற்றோடு, உதடு ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். சத்தம் ஏன் வரவில்லை என்று அதட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. இப்போது உப்புமா முடித்துவிட்டு வந்து நின்றால் வாய்க்காலுக்கு அக்கரையில் கேட்கிறது. சில நாள் மட்டும் பொங்கல். அன்றைக்கு 67 விநாடி.

நடவுக்குப் போகும் பெண்களுக்கு எங்கள் பாட்டுதான் கடிகாரம். “தமிழ்த்தாய் முடிஞ்சிருச்சு, எறங்குங்கடி” என்பார்கள். ஒருநாள் மழையால் கூட்டத்தைப் பத்து நிமிஷம் தள்ளிவைத்தேன். மறுநாள் வயலுக்குச் சொந்தக்காரர் என்னிடம் வந்து வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

அரசுப் பள்ளிகளுக்கு 2022இல் ஆரம்பித்த கலைத் திருவிழா, பிறகு தொடக்கப் பள்ளிக்கும் இறங்கி வந்தது. பாட்டுப் போட்டிக்குப் பேத்தியை அனுப்பினோம். நான் டி.வி.எஸ். 50இல் ஆர்மோனியத்தை முன்னால் வைத்துக்கொண்டு போனேன். மற்ற இரண்டு பள்ளிகள் செல்போனில் கரோக்கி கொண்டுவந்திருந்தன. ஒரு பிள்ளை சரணத்துக்குள் நுழையும்போது செல்போன் பாட்டை நிறுத்திவிட்டு வீட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்டது. எங்கள் பெட்டி அப்படியெல்லாம் பேசாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். பேத்திக்கு இரண்டாம் பரிசு. கலந்துகொண்டவர்கள் மூன்று பேர்தானா என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

இருப்புப் பதிவேட்டில் இன்னும் ‘ஆர்மோனியம் 1, பழுது’ என்றுதான் எழுதுகிறேன். சரியாகிவிட்டது என்று எழுதினால் பழுது பார்த்த ரசீது கேட்பார்கள். பஞ்சர் கடையில் ரசீது கிடையாது.

ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். ஒத்து வேலை ஆர்மோனியத்துக்குப் போன பிறகும் நான் கூட்டத்தோடு சேர்ந்து பாடிக்கொண்டுதான் இருந்தேன். தலைமையாசிரியர் பாடாமல் நின்றால் நன்றாக இருக்குமா? ஒருநாள் கூட்டம் முடிந்ததும் பேத்தி என்னிடம் வந்தாள். பின்னால் துருத்திக்காரனும் இன்னும் இரண்டு பேரும். ஏதோ பேசி முடிவெடுத்து வந்த முகங்கள்.

“சார்,” என்றாள். “நீங்க பக்கத்துல நின்னு பாடினா, எனக்குப் பொட்டிச் சத்தம் கேக்க மாட்டேங்குது சார்.”

“அதுக்கு?”

அவள் துருத்திக்காரனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“நீங்க வாய மட்டும் அசைங்க சார்.”

அன்றிலிருந்து அசைக்கிறேன். சும்மா அசைப்பதில்லை. புருவம் ஏறுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, கடைசிச் சொல் மூன்று முறை வரும் இடத்தில் கண்கூட மூடுகிறேன். போன ஜனவரியில் புதிதாக வந்த அதிகாரி பார்வைக்கு வந்தார். வேப்ப மரத்தடியில் எனக்கு எதிரே நின்று முழுப் பாட்டையும் கேட்டார். பார்வைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி எழுதினார்: ‘காலை வணக்கக் கூட்டம் சிறப்பு. தலைமையாசிரியர் மாணவர்களோடு இணைந்து பாடுவது பாராட்டுக்குரியது.’

மூடி என்னிடம் கொடுக்கும்போது, “நல்ல குரல் சார் உங்களுக்கு. பிள்ளைங்களோட அப்படியே ஒத்துப் போகுது,” என்றார்.

பேத்தி ஆர்மோனியத்துக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“தேங்க்ஸ் சார்,” என்றேன் அதிகாரியிடம்.